பிப்ரவரி முப்பது

பள்ளிக்கரணை வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பிரம்மசக்தி நினைத்திருந்தாள். பள்ளிக்கரணை வந்தது, சதுப்பு நிலத்துத் தண்ணீர் காலை வெயிலில் கண்ணைக் கூசவைத்தது, அதில் நின்ற நாரைகளை எண்ணுகிறவள் போல எதிர்ப்பக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள், பதினொன்று வரை எண்ணினாள், அதுவும் பின்னால் போய்விட்டது. சரி, மேடவாக்கம். அங்கே சிக்னலில் பஸ் எப்படியும் ஐந்து நிமிடம் நிற்கும். நிற்கிற பஸ்ஸில் சொல்வதுதான் நல்லது. ஓடும்போது சொன்னால் பாதி காதில் விழாது, என்ன என்ன என்று கேட்பான், திரும்பச் சொல்ல வேண்டிவரும், இதை இரண்டு தரம் சொல்ல அவளால் ஆகாது. ஒரு தரமே ஆகுமா என்று தெரியவில்லை. பக்கத்தில் வேடியப்பன் லேப்டாப்பை மடியில் திறந்து வைத்துக்கொண்டு உதட்டுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்தப் பக்கம், ஜன்னலோரம், அவன் அப்பா மாதப்பன். ஊத்தங்கரையிலிருந்து நேற்று மாலை வந்தவர். மடிப்புக் கலையாத புதுச் சட்டை, மடியில் ஒரு மஞ்சள் பை, பைக்குள்ளிருந்து கொய்யாப்பழ வாசனை. இந்த பஸ் ஆராய்ச்சி நிலையத்து ஆட்களுக்கு மட்டும்தான். இன்று ஒரு நாள் அப்பாவையும் ஏற்றிக்கொள்ளும்படி டிரைவரிடம் ஒரு வாரமாகச் சொல்லி வைத்திருந்தான். பதினொரு மணிக்கு அவனுடைய கடைசிப் பேச்சு. ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன்னால் எல்லோர் முன்னிலையிலும் நின்று, ஆறு வருடம் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லித் தேறிவிட்டால் மாதக் கடைசிக்குள் ஏட்டைக் கொடுத்துவிடலாம். கொடுத்துவிட்டால் ஹைதராபாத்தில் வேலை காத்திருக்கிறது. கொடுக்காவிட்டால் காத்திருக்காது. அந்தப் பேச்சின் பதினாலாவது ஸ்லைடு தப்பு. தப்பு அவனுடையதல்ல, அவளுடையது. அவனுக்கு அது தெரியாது. காலை ஆறு இருபதிலிருந்து உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"ஏம்மா, நீயும் இவன் படிக்கிற வெயில் படிப்புதானா?" என்று பஸ்ஸில் ஏறியதுமே மாதப்பன் கேட்டிருந்தார். ஆமாங்கப்பா என்றாள். "வெயில்ல என்னம்மா இருக்குது படிக்க? எங்க தோப்புல வந்து ஒரு மணி நேரம் நில்லு, மொத்தப் படிப்பும் முடிஞ்சிடும்." அவன் சிரித்தான், அவளும் சிரித்தாள். வெயில் படிப்பு. தப்பாகச் சொல்லவில்லை அவர். பூமி சூடாகிக்கொண்டே போகிறது, வானத்தின் மேலடுக்கில் கந்தகத் துகளைத் தூவிவிட்டால் வெயிலில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிவிடும், பூமி கொஞ்சம் குளிரும் என்று ஒரு யோசனை. செய்தாக வேண்டும் என்கிறவர்கள் இருக்கிறார்கள், தொடவே கூடாது என்கிறவர்கள் இருக்கிறார்கள். குளிர்வது இருக்கட்டும், நம் மழை என்ன ஆகும் என்பதுதான் இவர்கள் இருவரும் கேட்ட கேள்வி. தூவிப் பார்த்துத் தெரிந்துகொள்கிற விஷயமா அது, இருப்பது ஒரே ஒரு பூமி. அதனால் கணினிக்குள் ஓடுகிற பூமிகள். ஏழு நாட்டில் ஏழு கூட்டம் செய்த ஏழு மாடல்கள். ஒவ்வொன்றிலும் வெயிலைக் குறைத்துப் பத்து வருடம் ஓட்டியிருந்தார்கள். எந்த மாடலை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்க மட்டும் பழைய பதிவுகள். தொண்ணூற்றொன்றில் பிலிப்பைன்ஸில் ஓர் எரிமலை வெடித்து, அதன் கந்தகம் வானமெல்லாம் பரவி, ஒன்றிரண்டு வருடம் பூமிக்கு வெயில் கொஞ்சம் குறைந்துபோனது. மனிதன் செய்யலாமா என்று யோசிப்பதை மலை கேட்காமலே செய்து காட்டியது. அந்த வருடங்களின் மழைப் பதிவுகளை அவள்தான் திருத்தி அடுக்கிக் கொடுத்தாள். அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு மனிதர் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து எழுதியிருக்கிறார். மழை பெய்யாத நாளிலும் போய்ப் பார்த்துப் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறார். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், அப்புறம் ஒரு நாள் தொண்ணூற்றிரண்டு மில்லிமீட்டர். அன்றைக்கு அவர் நனைந்துகொண்டு போயிருப்பார். அவரை நினைத்தால் இப்போது இன்னும் வெட்கமாக இருந்தது. அவர் ஒரு நாளையும் விடவில்லை. அவள் வருடத்துக்கு ஐந்து நாள் விட்டிருக்கிறாள்.

மேடவாக்கம் சிக்னலில் பச்சை விழுந்திருந்தது. என்றைக்கும் இல்லாமல் இன்றைக்கு. பஸ் நிற்காமல் இடதுபக்கம் திரும்பி சோழிங்கநல்லூர் ரோட்டைப் பிடித்தது. வருடத்துக்கு முந்நூற்று அறுபது நாள். அவளுக்குத் தெரியாத விஷயமா என்றால் இல்லை. அந்த ஏழில் நாலாவது மாடலைச் செய்தவர்கள் கணக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று எல்லா மாதத்துக்கும் முப்பது நாள் வைத்துவிட்டார்கள். அந்தப் பூமியில் ஜனவரி முப்பத்தொன்று கிடையாது. பிப்ரவரி முப்பது உண்டு. இந்தத் துறையில் முதல் மாதமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள், முதல் மாதமே எல்லோரும் ஒரு தரம் அதில் விழுந்து எழுவார்கள். கேன்டீனில் அது பழைய ஜோக். எப்போது கல்யாணம் என்று யாராவது கேட்டால் வேடியப்பன் "பிப்ரவரி முப்பது, அவசியம் குடும்பத்தோட வந்துடுங்க" என்பான். அவள் நிரல் எழுதியபோது அதற்கென்று ஒரு வரி எழுதித்தான் இருந்தாள். டிசம்பரில் நாலாவது மாடலின் ஃபைல்களைப் புதிதாக இறக்கியபோது அவற்றின் பெயர் மாறியிருந்தது, அந்த வரி பழைய பெயரைத் தேடியது, கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை என்று சத்தம் போடாமல் பேசாமல் தாண்டிப் போய்விட்டது. அவள்தான் அதைச் சத்தம் போடாதபடி எழுதியிருந்தாள். அதற்கப்புறம் முந்நூற்று அறுபது நாள் வருடத்தின் மேல் முந்நூற்று அறுபத்தைந்து நாள் காலண்டரை ஒட்டிக்கொண்டே போயிருக்கிறது. முதல் வருடம் ஒன்றுமில்லை. இரண்டாம் வருடத்து மழை ஐந்து நாள் முன்னால் நகர்ந்தது. மூன்றாம் வருடம் பத்து. பத்தாம் வருடம் வடகிழக்குப் பருவமழை செப்டம்பர் ஆரம்பத்திலேயே வந்து நின்றது. ஏழு மாடலையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் நாலு நாள். பதினாலாவது ஸ்லைடில் அதைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான், வெயிலைக் குறைத்தால் தென் கடற்கரையில் பருவமழை நாலு நாள் முந்தும், அதிலும் ஒரு மாடலில் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகும். கூடிக்கொண்டே போவதற்குக் காரணமும் எழுதியிருந்தான். நிலம் முதலில் குளிர்கிறது, கடல் மெதுவாகக் குளிர்கிறது, அதனால் காற்று இப்படித் திரும்புகிறது என்று ஒரு பத்தி. மூன்று வாரம் உட்கார்ந்து எழுதியது. மொத்த ஏட்டிலும் அழகான பத்தி அதுதான். கைடு மேடமே ஓரத்தில் பென்சிலால் 'நன்று' என்று போட்டிருந்தார். காற்று திரும்பவும் இல்லை, கடல் ஒன்றும் செய்யவும் இல்லை. பிரம்மசக்தி ஒரு ஃபைலின் பெயரைச் சரிபார்க்கவில்லை, அவ்வளவுதான் அங்கே நடந்தது.

"பிரம்மா, என்ன ஒரு மாதிரியா இருக்க? பேசப்போறது நானா நீயா?" என்றான் வேடியப்பன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. "படைச்சதெல்லாம் ஒழுங்காத்தான இருக்கு?" எல்லோரும் அவளை சக்தி என்றுதான் கூப்பிட்டார்கள், அவன் மட்டும் பெயரின் முன்பாதியை எடுத்துக்கொண்டான். சொல்ல வாய் திறந்தாள். "சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். "ரெண்டு இட்லி. அப்பாவுக்கு நாலு. நீ சாப்பிடல, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. அப்பா, அந்தக் கொய்யா ஒண்ணு எடுங்க." கொய்யா கைக்கு வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது, ஒருவர் கொடுத்த பழத்தை வாங்கிக்கொண்டு அவர் மகனிடம் உன் ஏட்டில் ஓர் அத்தியாயம் பொய் என்று எப்படிச் சொல்வது, தின்றுவிட்டுச் சொல்லலாம், விதை பல்லில் மாட்டியது. லேபில் சீனியர்கள் எல்லோரையும் அவள் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள், பிரபுசங்கர் அண்ணா, ஜோயல் அண்ணா. இவனை மட்டும் நாலு வருடமாக எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்க பாருங்க, கேட்டீங்களா, என்னங்க இது, இப்படியே சமாளித்துவிட்டாள். அவன் கவனித்திருப்பானா. கவனித்தாலும் கேட்கிறவன் இல்லை. முதல் வருடம் அவளுக்கு நிரல் எழுதவே தெரியாது. கல்லூரியில் கணினியைத் தொட்டதே வாரம் ஒரு மணி நேரம். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு எல்லோரும் போனபிறகு உட்கார்ந்து தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம் வந்து, "நானும் ஒண்ணும் தெரியாமத்தான் வந்தேன், பயப்படாத, இது வந்து மாடு மாதிரி, சரியாச் சொன்னா கேக்கும்" என்று சொல்லிவிட்டு சமோசாவை விசைப்பலகை மேலேயே வைத்துவிட்டுப் போனான். எண்ணெய் பட்டு இரண்டு எழுத்து ஒரு வாரம் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நாளிலிருந்து அவனுடைய கணக்குகளை எல்லாம் அவள் சரிபார்த்துக் கொடுத்தாள். சரிபார்ப்பது அவளுக்கு வரும். கேஸை மூடிவிட்டோமா என்று மூன்று தரம் பார்ப்பாள், பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். ஏட்டின் நன்றிப் பக்கத்தில் எழுதியிருக்கிறான்: என் எண்களில் ஒரு பிழையும் வராமல் காத்த பிரம்மசக்திக்கு. அச்சுக்குப் போகப்போகிறது அது. நூலகத்தில் கறுப்பு அட்டை போட்டு வைப்பார்கள். ஐம்பது வருடம் இருக்கும்.

சோழிங்கநல்லூர். பழைய மகாபலிபுரம் ரோட்டில் பஸ் ஏறியதும் இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள் வெயிலை ஒன்றின் மேல் ஒன்று எறிந்து விளையாடின. தப்பு எல்லோருக்கும் வரும். ஜோயல் ஒரு தரம் மொத்த இந்தியாவையும் தலைகீழாக வரைந்து கருத்தரங்கில் போட்டுவிட்டு, அய்யோ சாரி என்று சிரித்தான், மற்றவர்களும் சிரித்தார்கள், முடிந்தது. ஜோயலின் அப்பா கல்லூரிப் பேராசிரியர், அம்மாவும். அவர்கள் வீட்டில் தப்பு வந்தால் வந்துவிட்டுப் போகும் போலிருக்கிறது. அவள் தப்பு செய்தால் ஒரு ஃபைல் மட்டும் தப்பாகிவிடுவதில்லை. இவளை எல்லாம் ஏன் சேர்த்தோம் என்று யாரோ ஒருவர் மனசுக்குள்ளே சொல்லிக்கொள்வார். யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொன்னதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் விண்ணப்பத்தில் குடும்பத்தில் முதல் பட்டதாரியா என்ற கட்டத்தில் ஆம் என்று டிக் அடித்த நாளிலிருந்து அந்த ஒருவர் அவளுடைய தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார். இன்றைக்குக் காலையில் மட்டும் அவர் இல்லை. அதுதான் விசித்திரம். ஆறு இருபதுக்கு, டீ அடுப்பில் பொங்க, யாராவது நாலாவது மாடலைப் பற்றிக் கேட்டால் காட்ட ஒரு பட்டியல் இருக்கட்டுமே என்று ஃபைலைத் திறந்தாள். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது, மார்ச் ஒன்று என்று தேதிகள் இறங்கின. பக்கத்தில் அவளுடைய நிரல் ஒட்டிய தேதி வேறென்னவோ சொல்லிக்கொண்டு இறங்கியது. அப்போது அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை. சந்தோஷம். ஒரு நொடி, டீ பொங்கி வழிந்த சத்தம் கேட்பதற்குள், அப்பாடா என்றிருந்தது.

அந்த அப்பாடாவைத்தான் அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அம்மா தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகிறாள். மாசியிலிருந்து ஐப்பசி வரை அளம், முதல் மழை விழுந்தால் வேலை நிற்கும், அப்புறம் தை போக வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை இவள் அவளிடம் போனில் சொன்னாள்: எம்மா, வெயிலக் கொறைக்கதப் பத்திச் சொன்னேம்லா, அப்படிச் செஞ்சா மழ நாலு நாள் முந்தி வரும்னு வந்திருக்கு. "வெயிலக் கொறைக்கதா?" என்றாள் அம்மா. "நல்லதுதான, கண்ணு கூசாது. உப்பப் பாத்துப் பாத்துச் சாயங்காலம் ஒன் மூஞ்சி முன்னால இருந்தாக்கூட எனக்குத் தெரியமாட்டேங்கு." அப்புறம் யோசித்திருக்கிறாள். "ஏட்டி பெரமு, வெயில் இல்லாம உப்பு எப்படிட்டி வெளையும்? மழயும் முந்தி வரும்னா நாங்க என்னத்தத் திங்க? அத வராதுன்னு எழுதி வையி. எழுதுறது நீதான?" அளத்தில் கூட இருந்த பெண்கள் சிரித்தது போனில் கேட்டது. பெரமு எழுதினா மழ வராதாம்ட்டி என்று யாரோ சொன்னார்கள். ஜோக்தான். ஆனால் ஞாயிறு அம்மா சொன்னாள், வியாழன் காலை இவள் ஃபைலைத் திறந்தாள். கவனமாக இருப்பதால் திறந்தாளா, அந்த நாலு நாள் பொய்யாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டுத் திறந்தாளா. ஆறு மாதமாக அந்த ஸ்லைடு சரி என்று எல்லோரும் நம்பியபோது ஏன் திறக்கவில்லை. மற்ற ஆறு மாடல் சொன்னதும் அம்மாவுக்கு ஆகாததாக இருந்தால் அதையும் இப்படித் துருவுவாளா. ஆசைப்பட்டுத் தேடினாலும் கிடைத்தது பிப்ரவரி முப்பதுதானே, அதை அவள் உண்டாக்கவில்லையே. உண்டாக்கவில்லை. நிரலைத் திருத்தி மறுபடி ஓட்டினாள், நாற்பது நிமிடம் ஓடியது, குளித்துவிட்டு வந்து ஈரத்தலையோடு பார்த்தாள், நாலு நாள் அரை நாளாகிவிட்டிருந்தது. அரை நாள் என்றால் ஒன்றுமில்லை. முந்துகிறது என்றும் சொல்ல முடியாது, பிந்துகிறது என்றும் சொல்ல முடியாது. அம்மாவுக்கு அது நல்ல சேதிகூட இல்லை. வெறும் தெரியாது. அந்தத் தெரியாததற்காகத்தான் இவன் நிற்கிற மேடையின் பலகையை உருவப் போகிறாள்.

பேச்சு முடிந்தபிறகு சொல்லலாம். செம்மஞ்சேரி தாண்டியபோது இந்த யோசனை மிக நியாயமாகத் தெரிந்தது. அவன் பேசட்டும், கைதட்டட்டும், அப்பா பார்க்கட்டும், ஏடு இன்னும் அச்சாகவில்லையே, நாளைக் காலையில் மேடத்தின் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்து அமைதியாகத் திருத்திக்கொள்ளலாம். யாருக்கு நஷ்டம். நாவலூர் வருவதற்குள் அந்த யோசனையின் வால் தெரிந்துவிட்டது. நாற்பது பேர் கேட்பார்கள், ஒருவர் போனில் படம் எடுப்பார், வெயிலைக் குறைப்பது பற்றி எதைச் சொன்னாலும் அதை எடுத்துக்கொண்டு ஓடக் காத்திருக்கிறவர்கள் உண்டு, செய் என்கிறவர்களும் செய்யாதே என்கிறவர்களும். நாலு நாள் என்ற சேதி ஓடிவிடும். அதைப் பிடித்து வந்து அரை நாளாக்க யாராலும் முடியாது. அதைவிட, நாளைக்கு இவன் கேட்பான், எப்போ தெரியும் என்று. இன்று காலை ஆறு இருபதுக்கு என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கொய்யா தின்றுகொண்டு வந்தேன் என்று சொல்ல வேண்டும். அவன் ஒன்றும் சொல்லமாட்டான். அதற்கப்புறம் எதையும் சரிபார்க்கச் சொல்லி அவளிடம் கொடுக்கமாட்டான். "இந்தா, ஒரு தரம் பாரு" என்று அந்த நொடியில் அவன் லேப்டாப்பை அவள் மடிக்கு நகர்த்தினான். "எழுத்துப்பிழை இருந்தா சொல்லு. ஒம்பது பத்துலேருந்து பாத்தாப் போதும்." சூடாக இருந்தது அடிப்பக்கம். பத்து. பதினொன்று. எரிமலை, அந்தப் பழைய பதிவுகளின் படம், கீழே சின்ன எழுத்தில் அவள் பெயர். பன்னிரண்டு. அவள் விரல் ஒவ்வொரு ஸ்லைடிலும் தேவைக்கு அதிகமாக நின்றது. பதிமூன்று. பதினாலில் நாலாவது மாடலின் சிவப்புக் கோடு இடமிருந்து வலமாக நூல் பிடித்த மாதிரி இறங்கியது. எவ்வளவு நேராக இருக்கிறது பார் என்று அவன் எத்தனை பேரிடம் காட்டியிருக்கிறான்.

"ஏம்மா, நீ சொல்லு." மாதப்பன் மகனுக்குக் குறுக்கே குனிந்து திரையைப் பார்த்தார். "இவன் சொன்னா நான் நம்பமாட்டேன், சின்ன வயசுலேருந்தே நல்லா அளப்பான். நேத்து ராத்திரி சாப்புடும்போது சொல்றான், வெயிலக் கொறச்சா மழ நாலு நாள் முந்தியே வந்துடுமாம். நெசந்தானா?"

"இல்லீங்கப்பா" என்றாள் பிரம்மசக்தி. "முந்தாதுங்க. அது நான் செஞ்ச தப்பு."

"பிரம்மா, காலைலயே காமெடியா" என்று சிரித்துக்கொண்டே திரும்பிய வேடியப்பன் அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு உடனே போகவில்லை, வாயில் கொஞ்ச நேரம் ஆளில்லாமல் இருந்தது. "எது?"

"நாலாவது மாடல். டிசம்பர்ல எறக்குன ஃபைலுக்குப் பேர் மாறியிருந்துச்சு, காலண்டரப் பாக்கிற வரி அதத் தொடவே இல்ல. முந்நூத்தறுபது நாள அறுபத்தஞ்சுன்னு எண்ணியிருக்கேன்."

அவன் விரலை மடக்கினான். "வருஷத்துக்கு அஞ்சே கால். பத்தாவது வருஷம்..."

"நாப்பத்தேழு."

"நாப்பத்தேழு." திரையிலிருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தான். "அதான் அவ்வளவு நேரா இருந்துச்சா. மழை என்னிக்கு நேரா நடந்திருக்கு. எனக்கு ஒரைக்கவே இல்ல பாரு. அதுக்குப் போய்க் கடலு, காத்துன்னு மூணு வாரம்..." நிறுத்தினான். "எப்பத் தெரியும்?"

"ஆறு இருவதுக்கு."

"மணி இப்ப ஒம்பது."

"பள்ளிக்கரணையிலயே சொல்லணும்னு இருந்தேன்."

"பள்ளிக்கரணையில என்ன பண்ணிட்டிருந்த?"

"நாரை எண்ணிட்டிருந்தேன்."

அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. லேப்டாப்பை அவள் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். பஸ் சிறுசேரியில் நின்று இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஹைதராபாத் என்று அவள் நினைத்தாள், அவனும் அதைத்தான் நினைக்கிறான் என்று அவன் கழுத்து நரம்பைப் பார்த்தே தெரிந்தது, ஓர் அத்தியாயத்தைத் திருத்தி எழுதச் சொன்னால் மாதக் கடைசி எங்கே, ஏடு எங்கே, மேடம் என்ன சொல்வாரோ, தேதியைத் தள்ளிப்போடு என்பாரோ, அங்கே இருப்பவர்கள் ஒரு மாதம் பொறுப்பார்களோ, பொறுக்கமாட்டார்களோ, இவ்வளவையும் ஒரு கொய்யாப்பழம் தின்கிற நேரத்தில் அவன் தலையில் இறக்கி வைத்துவிட்டாள். சாரி என்று சொல்லலாம். ஜோயல் சொன்ன மாதிரி. அந்த வார்த்தையை எடுத்துப் பார்த்தாள், கைக்குள்ளேயே அடங்கிவிடுகிற அளவுக்குச் சின்னதாக இருந்தது, கொடுக்க வெட்கமாக இருந்தது. கேளம்பாக்கம் பக்கம் போகப் போக வெயில் வெள்ளையாகிக்கொண்டே வந்தது. "இப்ப எங்கிட்டப் பேசாத" என்றான் அவன், அவளைப் பார்க்காமல். "பயங்கரக் கோவத்துல இருக்கேன். ஏதாவது சொல்லிடுவேன்." சரி என்று சொல்லப் போய், அதுவும் பேச்சுதானே என்று வாயை மூடிக்கொண்டாள். முன்னால் ஒரு ஸீட் காலியாக இருந்தது. அங்கே போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க போற?"

நின்றாள்.

"பேசாதன்னுதான சொன்னேன். போன்னா சொன்னேன்? உக்காரு."

உட்கார்ந்தாள். அவன் சிவப்புக் கோட்டின் மேல் ஒரு தட்டு தட்டி அதை எடுத்துவிட்டான். மற்ற ஆறு கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாத ஆட்கள் போல மேலும் கீழும் அலைந்தன. இப்போதுதான் அது மழை மாதிரி இருந்தது. "திருத்தி ஓட்டிப் பாத்தியா?" என்று திரையிடம் கேட்டான். அவள் தலையாட்டினாள். "எவ்ளோ வருது?" பேசக்கூடாது என்பதால் ஆள்காட்டி விரலை நீட்டி, கட்டைவிரலை அதன் நடுவில் வைத்துக் காட்டினாள். "அரை நாளா?" தலையாட்டினாள். "முன்னாடியா, பின்னாடியா?" கையை விரித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக் காட்டினாள். அவன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு கொட்டை எழுத்தில் இருந்த வரியை அழித்தான். அழிப்பது வெகுநேரம் எடுத்தது, ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். வெற்றாக நின்ற இடத்தில் தட்டினான்: வெயிலைக் குறைத்தால் இந்தக் கடற்கரையில் பருவமழை முந்துமா என்பதற்கு இந்த மாடல்களில் பதில் இல்லை. அதன் கீழே, இதற்கு முன் நாங்கள் நாலு நாள் என்று சொல்லிவந்தது பிழை. நாங்கள் என்ற இடத்தில் அவள் விரலை வைத்தாள். நான் என்று மாற்றச் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. மாற்றவில்லை. "கை எடு, தெரியல" என்றான்.

மாதப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் பையை ஒரு முழங்காலிலிருந்து இன்னொரு முழங்காலுக்கு மாற்றினார். "அப்ப மழ முந்தி வருமா, வராதா?"

"தெரியலப்பா" என்றான் வேடியப்பன். "வரும்னு சொல்றதுக்கும் ஒண்ணுமில்ல, வராதுன்னு சொல்றதுக்கும் ஒண்ணுமில்ல எங்ககிட்ட."

"ஆறு வருஷம் படிச்சிட்டு, அத்தன பேரு முன்னாடி நின்னு, இதையா சொல்லப்போற?"

"ஆமாப்பா."

"மேடம் திட்ட மாட்டாங்களா?"

"திட்டுவாங்க. வேலையும் போனாலும் போகும்."

மாதப்பன் வெளியே பார்த்தார். ரோட்டோரத்து வெயிலில் ஒருவன் இளநீர் வெட்டிக்கொண்டிருந்ததைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பஸ் ஆராய்ச்சி நிலையத்துக் கேட்டில் நுழையும்போதுதான் பேசினார். "சரி. ஆனா சத்தமாச் சொல்லு. என்னயக் கடேசி வரிசைல உக்கார வெச்சிடுவாங்க, எனக்குக் காது கேக்காது. எவ்ளோ செலவழிச்சு வந்திருக்கேன், தெரியலங்கிறதாவது காதுல விழட்டும்."

வேடியப்பன் லேப்டாப்பை மூடினான். மூடிய லேப்டாப்பின் மேல் நெற்றியை வைத்துக் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பிரம்மசக்தி பயந்தாள். பேசக்கூடாது, தொடலாமா என்று தெரியாது. ஆட்கள் எழுந்து பைகளை எடுத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்கள், யாரோ "ஆல் த பெஸ்ட் வேடி" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். அவன் அசையவில்லை. கடைசியில் அவள் குனிந்து, அவன் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் நிற்கச் சிரித்துக்கொண்டிருந்தான், கோபமும் முகத்தை விட்டு இன்னும் போயிருக்கவில்லை. "நாரை எண்ணினாளாம்" என்றான் அவளிடம். "எந்திரி, போலாம். மணி ஆகுது."